அறுக்காதே, அவிழ்: வீட்டிலேயே கிறிஸ்மஸ் கிஃப்ட் பேக்கிங்

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கி, திருத்தி எழுதியது. பேச்சுநடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

முதல்ல ஒரு சத்தம் கேளுங்க.

[செலோ டேப் இழுபடும் சத்தம்]

டிசம்பர் ரெண்டாவது வாரம் ஆயிருச்சுன்னா இந்தச் சத்தம் எல்லா வீட்டுலயும் கேக்கும். ஆபீஸ்ல சீட்டு குலுக்கியாச்சு. கிறிஸ் மா, கிறிஸ் சைல்ட் விளையாட்டு. பெங்களூரு ஆளுங்க இதை சீக்ரெட் சான்டான்னு சொல்வாங்க, தமிழ்நாட்டுல பள்ளிக்கூடம் தொடங்கி சர்ச், ஆபீஸ் வரைக்கும் நமக்கு இது கிறிஸ் மாதான். சீட்டுல யார் பேர் வருதோ அவங்க உங்க கிறிஸ் சைல்ட். 300 ரூபாய்க்குள்ள ஒரு பரிசு, யாருன்னு தெரியாம கொடுக்கணும்.

போன எபிசோட் முடிஞ்சப்ப ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: "அக்கா, கடையில கொடுத்தா ஒரு பெட்டிக்கு 50 ரூபா கேக்குறாங்க. நானே பேக் பண்ணினா பள்ளிக்கூடப் பையன் பண்ணின மாதிரி இருக்கு. வீட்டுலயே அழகா பண்றது எப்படி?" கேள்வியைப் படிச்சதும் எனக்கு யூடியூப் ஞாபகம் வரலை, எங்க அப்பா ஞாபகம் வந்தாரு. அதனால இந்த எபிசோட் பாதி டிப்ஸ், பாதி எங்க அப்பா. ரெண்டையும் பிரிக்கத் தெரியலை எனக்கு.

எங்க ஊர் புதுக்கோட்டை மாவட்டத்துல, கீரமங்கலத்துக்குப் பக்கம். பூவுக்குப் பேர் போன ஊர் கீரமங்கலம். மல்லி, முல்லை, கனகாம்பரம், சம்பங்கின்னு காலையில மூட்டை மூட்டையா கமிஷன் கடைக்கு வரும். "புதுக்கோட்டையில கிறிஸ்மஸா?"ன்னு சென்னை ஃப்ரெண்ட்ஸ் கேக்குறது உண்டு. வீரமாமுனிவர் ஊழியம் பண்ணின ஆவூர் எங்க மாவட்டத்துலதான் இருக்கு, அவ்வளவு பழசு. சரி, விஷயத்துக்கு வர்றேன்.

அப்பா மளிகைக் கடைக்காரர். சின்னக் கடை. கல்லாவுக்கு மேல உத்தரத்துல ஒரு தகர டப்பா தொங்கும், அடியில ஓட்டை போட்டு, உள்ள நூல்கண்டு. ஓட்டை வழியா நூல் முனை மட்டும் தொங்கிட்டிருக்கும். அரைக் கிலோ துவரம் பருப்பு கேட்டா, பேப்பரை இழுப்பாரு, ஒரு சுருட்டு, அடியில ஒரு மடிப்பு, பருப்பைக் கொட்டி, மேல மூணு மடிப்பு. நூலை இழுத்து நீளவாக்குல ஒண்ணு, குறுக்குல ஒண்ணு. அப்புறம் நூலை விரல்ல ஒரு சுத்து சுத்தி, நூல் மேலயே நூலை வெச்சு வெடுக்குன்னு ஒரு இழுப்பு. கத்தரிக்கோல் கிடையாது, டேப் கிடையாது. அந்தப் பொட்டலத்தை நீங்க சைக்கிள் ஹேண்டில்பார்ல தொங்கவிட்டு ஆறு கிலோமீட்டர் போகலாம், ஒரு பருப்பு சிந்தாது.

இதை நான் சின்ன வயசுல கலைன்னு நினைச்சதே இல்லை. கேரி பேக் வந்த பிறகு அந்த நூல் டப்பா சும்மாதான் தொங்குச்சு, ஒரு தடவை அதுல குருவி கூடு கட்டப் பார்த்துச்சு.

அப்புறம் 2018.

நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. நாங்க கடலோரம் கிடையாது, ஆனா கரையேறின காத்து எங்க பக்கம் வந்துட்டுத்தான் போச்சு. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு எல்லா இடத்துலயும் தென்னை, பலா, வாழை. கடையோட சேர்த்து எங்களுக்கு ஒரு சின்னத் தோப்பு, 80 தென்னை. விடிஞ்சு பார்த்தப்ப நின்னது ஆறு. மத்ததெல்லாம் ஒரே திசையில தலை வெச்சுப் படுத்திருந்துச்சு. ஒரு தென்னங்கன்னு வெச்சா காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அப்பாவுக்கு அப்ப வயசு 54. அந்தக் கணக்கை அவர் வாய்விட்டுப் போடலை, ஆனா போட்டுட்டாருன்னு எங்களுக்குத் தெரியும். ஏன்னா அன்னையிலிருந்து பேச்சை நிறுத்திட்டாரு. கோபம் இல்லை, அழுகையும் இல்லை. சாப்பிடுவாரு, தோப்புல போய் உக்காருவாரு, வருவாரு.

நான் அப்ப ப்ளஸ் டூ. டிசம்பர்ல மெயின் ரோட்டுக்கு கரண்ட் வந்துருச்சு, தோப்புக்குள்ள இருந்த எங்க வீட்டு லைனுக்கு வரலை. அந்த வருஷம் வீடுகள்ல ஸ்டார் போடலாமா வேண்டாமான்னே சர்ச்சுல பெரிய பேச்சு. இளைஞர் குழுவுல மட்டும், வழக்கம்போல கிறிஸ் மா சீட்டு போடுவோம், ஆனா 50 ரூபாய்க்கு மேல யாரும் செலவு பண்ணக்கூடாதுன்னு முடிவு. எனக்கு வந்த பேர், எங்க தெருவுலயே ஓட்டுக்கூரை மொத்தமா போன ஒரு வீட்டுப் பொண்ணு. நான் வாங்கினது ஒரு மை பேனா, ஒரு பாட்டில் மை. காசு அத்தோட சரி. கலர் பேப்பருக்கு அம்மாகிட்ட கேக்க வாய் வரலை.

24ஆம் தேதி சாயங்காலம், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்துல உக்காந்து பழைய நியூஸ் பேப்பர்ல அதைச் சுத்திட்டிருந்தேன். மை பாட்டில் உருண்டை, பேனா நீளம். எப்படிச் சுத்தினாலும் ஒரு பக்கம் பிதுங்கும். மூணாவது தடவை கிழிஞ்சப்ப, திண்ணையில உக்காந்திருந்த அப்பா எழுந்து வந்து, ஒண்ணும் சொல்லாம என் கையிலிருந்து வாங்கினாரு. முதல்ல அந்தப் பேப்பரைத் திருப்பிப் பார்த்தாரு. "ஏன் ஆத்தா, நல்ல நாளும் அதுவுமா கண்ணீர் அஞ்சலி பக்கத்துலயா சுத்துவ?" அஞ்சு வாரத்துல அவர் பேசின முதல் முழு வாக்கியம் அதுதான்.

[சிரிப்பு]

இது முதல் டிப். நியூஸ் பேப்பர்ல பேக் பண்றது அழகுதான், தமிழ் எழுத்து வெளிய தெரிஞ்சா இன்னும் அழகு. ஆனா பக்கத்தைப் படிச்சுட்டுப் பண்ணுங்க. கொலை, விபத்து, இரங்கல் விளம்பரம் வேண்டாம். குறுக்கெழுத்துப் போட்டிப் பக்கம் ரொம்ப நல்லா இருக்கும். அச்சு மை கையிலயும் துணியிலயும் ஒட்டும். அதனால சட்டை, புடவை மாதிரி துணின்னா உள்ள ஒரு வெள்ளைத் தாள் சுத்திட்டு மேல இதைப் போடுங்க.

அப்பா என்ன பண்ணினாருன்னா, பேனாவையும் பாட்டிலையும் ஒண்ணா வைக்கலை. தனித்தனியா ரெண்டு பொட்டலம். பேனாவுக்கு நீளமா, பாட்டிலுக்குக் கூம்பா. ரெண்டையும் சேர்த்து ஒரு கட்டு. மேல போடுறதுக்கு ரிப்பன் இல்லை. ஆனா அப்பாயி இருந்தாங்களே. புயல் அடிச்ச மறுநாளே, எல்லாரும் தலையில கை வெச்சிருந்தப்ப, அவங்க அரிவாளோட போய் விழுந்த மரங்கள்ல குருத்தோலையை வெட்டி, நிழல்ல காயப்போட்டு வெச்சிருந்தாங்க. நிக்கிற மரத்துல குருத்துல கை வெக்க முடியாது. "இனிமே கிடைக்கவா போகுது"ன்னு சொன்னாங்க. அந்த ஓலையில ஒண்ணை எடுத்து, ஈர்க்கைக் கிழிச்சு எடுத்துட்டு, தண்ணியில கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, அப்பா ஒரு பூ முடிச்சாரு. வைக்கோல் நிறம். காஞ்சதும் அப்படியே விறைச்சு நின்னுச்சு. நான் இதுவரைக்கும் பார்த்த எந்த சாட்டின் ரிப்பனும் அப்படி நிக்கலை.

அப்புறம் ஒரு வார்த்தை சொன்னாரு: "அறுக்காம அவிழ்க்கச் சொல்லு."

அடுத்த வாரமே, 2019 ஜனவரி 1, தமிழ்நாட்டுல ஒரு தடவை பயன்படுத்துற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்துச்சு. கேரி பேக் கிடையாது. ஊர்ல பல கடைக்காரங்க திண்டாடினாங்க. எங்க அப்பா குருவி விட்டுட்டுப் போன நாரையெல்லாம் தட்டிட்டு, டப்பாவுல புது நூல்கண்டு போட்டாரு. தடை எவ்வளவு நாள் கறாரா இருந்துச்சுங்கறது வேற கதை. அவர் கடைக்குத் திரும்பினாரு, எங்களுக்கு அது போதுமானதா இருந்துச்சு.

இப்ப நேயர் கேட்ட கேள்விக்கு வரேன். அழகா இல்லைன்னு உங்களுக்குத் தோணுறதுக்கு முக்காவாசிக் காரணம் பேப்பர் அதிகமா இருக்கறதுதான். ஓரத்துல பேப்பர் பொதபொதன்னு சேர்ந்துருது, அதை அமுக்க டேப் மேல டேப். அப்பா ஸ்கேல் வெச்சு அளந்து நான் பார்த்ததில்லை, நூல்தான். பெட்டியைச் சுத்தி நூலை ஒரு சுத்து விட்டு, அதுக்கு மேல ரெண்டு விரக்கடை. அதுதான் பேப்பரோட ஒரு பக்கம். இன்னொரு பக்கத்துக்கு, பெட்டியோட நீளம், கூட ரெண்டு முனையிலயும் பெட்டி உயரத்துல முக்கால் பாகம். உயரம் 8 சென்டிமீட்டர்னா முனைக்கு 6. அதுக்கு மேல விட்டீங்கன்னா மடிப்பு பிதுங்கும், பாதிக்குக் கீழ போனா மூடாது.

ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால ஒரு தடவை நீவி விடுங்க. கடையில பண்ணினதுக்கும் வீட்டுல பண்ணினதுக்கும் கண்ணுக்குத் தெரியற வித்தியாசம் அந்த ஒரு நீவல்தான். முனையில முதல்ல ரெண்டு பக்கத்தையும் உள்ள தள்ளுங்க, மேலயும் கீழயும் முக்கோணமா வரும், மேல் முக்கோணத்தை இறக்கி, கீழ் முக்கோணத்தை ஏத்தி ஒட்டுங்க. கஷ்டம்னு நினைக்காதீங்க. ஜூன் மாசம் பிரவுன் ஷீட்ல நோட்டுக்கு அட்டை போட்டீங்களா இல்லையா? அதே கைதான். சொல்லப்போனா அந்த பிரவுன் ஷீட்டே போதும், அதுல வெள்ளை நூல் கட்டி ஒரு துளசிக் கொத்து சொருகினா மேல எதுவும் வேண்டாம்.

பேப்பர் கொஞ்சம் பத்தலைன்னா பெட்டியைக் கோணலா வைங்க. சதுரமான பேப்பர், அதுல பெட்டி வைர வடிவமா திரும்பி இருக்கணும். நாலு மூலையையும் நடுவுக்குக் கொண்டு வந்தா ஒரே ஒரு ஸ்டிக்கர் போதும். இதுக்குக் கணக்கு உண்டு: பெட்டி மேல் பக்கத்தோட மூலைக்கு மூலை நீளம், கூட உயரத்துல ஒன்றரை மடங்கு. அதுதான் பேப்பர் சதுரத்தோட பக்கம். 20க்கு 20, உயரம் 8ன்னு ஒரு ஸ்வீட் பாக்ஸ் வைங்களேன். மூலைக்கு மூலை 28 சொச்சம், ஒன்றரை மடங்கு உயரம் 12. மொத்தம் 41 சென்டிமீட்டர் சதுரம் தாராளம். நேரா வெச்சு சுத்தினா இதைவிட அதிகம் ஆகும், நானே வெட்டிப் பார்த்தேன். மேல் பக்கம் சதுரமா இருக்கற பெட்டிக்குத்தான் இந்தக் கணக்கு, நீளப் பெட்டிக்கு நூலையே நம்புங்க.

ஒட்டறதுக்கு டேப் வேணுமேன்னு கேப்பீங்க. செலோ டேப் வந்ததே 1930ல, அமெரிக்காவுல ரிச்சர்ட் ட்ரூ கண்டுபிடிச்சது. அதுவரைக்கும் உலகம் பூரா நூலும் அரக்கும் பசையும்தான். அந்த பளபள கிஃப்ட் பேப்பர் வந்த கதையும் வேடிக்கை. 1917 கிறிஸ்மஸுக்கு கான்சாஸ் சிட்டியில ஹால் சகோதரர்கள் கடையில டிஷ்யூ பேப்பர் தீர்ந்துபோச்சு. கவருக்கு உள்பக்கம் ஒட்டற, பூப்போட்ட பிரெஞ்சுத் தாள் ஸ்டாக் இருந்துச்சு, அதை எடுத்து வெச்சாங்க, பறந்துருச்சு. அவங்கதான் பின்னாடி ஹால்மார்க். ஆக இந்தத் தொழில் தொடங்கினதே, இருக்கறதை வெச்சு சமாளிச்சதுலதான்!

வீட்டுல பசை பண்றது சுலபம். ரெண்டு ஸ்பூன் மைதாவைப் பச்சைத் தண்ணியில கட்டியில்லாம கரைச்சு, சின்ன தீயில கிளறினா கண்ணாடி மாதிரி ஆயிரும். ஆறினதும் விரலால மெல்லிசா தடவுங்க. அதிகமா தடவினா பேப்பர் சுருங்கும்.

பளபளப்புப் பேப்பர் வாங்கறதா இருந்தா ஒரு சின்ன சோதனை: கையில கசக்கி விடுங்க. கசங்கினபடியே கிடந்தா அது காகிதம், பழைய பேப்பர்காரர் எடுத்துப்பாரு. மெல்ல விரிஞ்சு எழுந்துச்சுன்னா அதுல பிளாஸ்டிக் இருக்கு. மினுமினுப்புத் தூள் ஒட்டினதும் வேண்டாம், அது பொங்கல் வரைக்கும் வீட்டை விட்டுப் போகாது.

பந்து, பொம்மை, சட்டி மாதிரி பெட்டிக்குள்ள அடங்காத சாமானை பேப்பர்ல சுத்தி மல்லுக்கட்டாதீங்க. துணி. ஜப்பான்ல ஃபுரோஷிகின்னு ஒரு சதுரத் துணி, எதையும் அதுல கட்டுவாங்க. குப்பையைக் குறைக்க இதைப் பயன்படுத்துங்கன்னு 2006ல அவங்க சுற்றுச்சூழல் அமைச்சர் யூரிகோ கொய்கே தனியா ஒரு துணியையே அறிமுகப்படுத்தினாங்க. நம்ம ஊர்ல அதுக்குப் பேர் மூட்டை. பேர்தான் கொஞ்சம் கம்பீரம் கம்மி. ஒரு சதுரமான பருத்தித் துணியை விரிச்சு, சாமானை நடுவுல வெச்சு, எதிர் எதிர் முனை ரெண்டை மேல போர்த்துங்க. மிச்ச ரெண்டு முனையை இழுத்து ரெட்டை முடிச்சு, முடிச்சோட காதைப் பூ மாதிரி விரிச்சு விடுங்க. பட்டு, பாலியெஸ்டர் வழுக்கும், பருத்திதான் பிடிக்கும். நல்ல கைத்தறித் துண்டா வாங்கிட்டீங்கன்னா பேக்கிங்கும் பரிசுதான்.

இன்னொண்ணு எங்க மாவட்டத்துலயே இருக்கு. திருமயம் பக்கம், செட்டிநாட்டு ஊர்கள்ல கொட்டான்னு ஓலைப் பெட்டி பின்னுவாங்க. பனங்குருத்தைக் காயவெச்சு, சாயம் ஏத்தி, கீறிப் பின்னுறது. கல்யாணம், காதுகுத்துன்னா பலகாரமும் வெத்தலை பாக்கும் இதுலதான் போகும். வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்துல பின்னின இந்த வேலை மங்கிப்போய், விசாலாட்சி ராமசாமி தொடங்கின அறக்கட்டளை எடுத்த முயற்சியில திரும்ப வந்துச்சு, இப்ப செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடு உண்டு. சின்ன கொட்டான்ல நாலு முறுக்கும் ஒரு வாழ்த்து அட்டையும் வெச்சு மூடி கட்டினா, அதுக்கு மேல பேப்பர் சுத்தறது பாவம்.

கடைசியா அந்தக் கட்டு. நூலைப் பெட்டி மேல நீளவாக்குல வெச்சு, ரெண்டு முனையையும் அடியில கொண்டு போய் ஒண்ணை ஒண்ணு கோத்துத் திருப்புங்க. இப்ப ரெண்டு முனையும் குறுக்குப் பக்கமா வரும், மேல ஏத்துங்க. முதல்ல போன நூலுக்கு அடியில ஒரு முனையை நுழைச்சு எடுத்துட்டு முடிச்சு போட்டா நூல் நகரவே நகராது. முடிச்சுல ஒரு காதை விட்டு வைங்க, இழுத்தா வந்துரணும்.

இதையெல்லாம் நான் எப்ப கத்துக்கிட்டேன்னு சொல்லணும். 2018ல இல்லை. அன்னைக்கு வேடிக்கை பார்த்ததோட சரி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அப்பாவுக்கு பக்கவாதம் வந்துச்சு. நடக்குறாரு, பேசுறாரு, வலது கை மட்டும் சொன்னபடி கேக்காது. கடையை அம்மா பார்த்துக்கறாங்க. விரலுக்குப் பயிற்சின்னு கொடுத்த ரப்பர் பந்தை அவர் பேத்திக்குக் கொடுத்துட்டாரு. போன டிசம்பர்ல நான் ஆபீஸ் கிறிஸ் சைல்டுக்கு வாங்கின ஒரு பீங்கான் கப்போட ஊருக்குப் போனேன். "அப்பா, இதை எப்படிக் கட்றதுன்னு சொல்லுங்கப்பா"ன்னு கேட்டேன். நானே பண்ணியிருக்கலாம், சும்மாதான் கேட்டேன், பொய் சொல்லலை.

முதல்ல வலது கையாலயே முயற்சி பண்ணினாரு. பேப்பர் நழுவி நழுவிப் போச்சு. ரெண்டாவது தடவை நழுவினப்ப அவர் முகத்தை நான் பார்க்கலை, பார்க்க வேண்டாம்னு நூல்கண்டைத் தேடற மாதிரி எழுந்துட்டேன். திரும்பி வந்தப்ப இடது கையால பேப்பரை அமுக்கிப் பிடிச்சு உக்காந்திருந்தாரு. "நீ மடி. நான் பிடிக்கிறேன்." அவர் சொல்லச் சொல்ல மடிச்சேன். "இழு. ம்ஹூம், அவ்வளவு இழுக்காத, பேப்பருக்கு வலிக்கும்." "நகத்தை வை." கப்போட காது துருத்தாம இருக்க, பேப்பரைக் கசக்கி இடுக்குல வெச்சு உருளையாக்கினோம். மேல் பக்கம் சின்னச் சின்ன கொசுவம், புடவை மடிக்கற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு. ஒரு கப்புக்கு ஒன்றரை மணி நேரம்! வேலை முடியறப்ப முடிச்சு மேல அவரோட இடது ஆள்காட்டி விரல், அதைச் சுத்தி நான் நூலை இழுத்தேன்.

நூலை அறுக்கறது மட்டும் எனக்கு வரவே இல்லை. அந்த வெடுக்கு இழுப்புல என் விரல்தான் அறுந்துச்சு. கத்தரிக்கோல் எடுத்தேன், அவர் தலையில அடிச்சுக்கிட்டாரு.

ஆபீஸ்ல என் கிறிஸ் சைல்ட் அதை வாங்கிட்டு, பிரிக்காம டேபிள் மேல வெச்சிருந்தாங்க. ஏன்னு கேட்டேன், "இதை எங்கிருந்து பிரிக்கறதுன்னு தெரியலை"ன்னாங்க. டேப் இல்லாததால கிழிக்க இடம் கிடைக்கலை அவங்களுக்கு. அந்தக் காதைக் காட்டி, இழுக்கச் சொன்னேன். இழுத்தாங்க, மொத்தமும் பூ மாதிரி திறந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி அப்பாவுக்கு ஃபோன் பண்ணி இதைச் சொன்னேன். நல்லா கேட்டுட்டு, "சரி, அந்த நூலை வாங்கிட்டு வந்தியா?"ன்னாரு. "அப்பா, அது கிஃப்ட்டுப்பா, நூலை எப்படி..." "நல்ல நூலு ஆத்தா அது. ரெண்டு முழம் இருக்கும். நாளைக்குக் கேளு."

கேட்டேன். கொடுத்தாங்க. இப்ப என் மைக் ஸ்டாண்டுல சுத்தி வெச்சிருக்கேன். இந்த வாரம் ஊருக்குக் கொண்டு போறேன்.